ஆறுதல் வேண்டாம்: நெட்வொர்க் செய்முறைத் தேர்வுக்காக லண்டன் போன கதை

கடந்த பிப்ரவரி கடைசியில் லீட்ஸிலிருந்து லண்டனுக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, நெட்வொர்க் பொறியாளர்களுக்கான செய்முறைத் தேர்வு ஒன்றை எழுத. எட்டு மணி நேரம் ஒரு கணினி முன்னால் உட்கார வேண்டும். காலையில் ஒரு பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கை அவர்கள் சொல்கிறபடி கட்ட வேண்டும். மதியத்துக்குப் பிறகு, வேண்டுமென்றே பழுதாக்கி வைத்திருக்கும் இன்னொரு நெட்வொர்க்கைச் சரிசெய்ய வேண்டும். இதே தேர்வுக்குத் தயாராகும் நம்மவர்கள் சிலர் விவரம் கேட்டு எழுதிக்கொண்டே இருப்பதால் இந்தப் பதிவு. இதில் வழித்தடமும் உண்டு, பழுது கண்டுபிடிக்கும் முறையும் உண்டு, நிறையக் கோபமும் உண்டு. கோபம் பிடிக்காதவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

எனக்கு இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் பழுது பார்க்கும் பகுதியில்தான் கவிழ்ந்தேன். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. அதில் வாங்கிய தேர்ச்சி குறிப்பிட்ட காலம்வரைதான் செல்லும். என்னுடையது அந்த மாதக் கடைசியோடு காலாவதி. இந்த முறையும் போனால் எழுத்துத் தேர்விலிருந்து எல்லாமே மறுபடி முதலிலிருந்து. அலுவலகத்தில் ஒன்பது வருடமாக மற்றவர்கள் வரைந்த நெட்வொர்க்குகளைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரைகிறவர்களோடு உட்கார இந்தச் சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வராதவரை நான் என்ன சொன்னாலும் "நோட் பண்ணிக்கிறோம்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

என்னைக் கொதிக்க வைத்தது தேர்வு அல்ல, சுற்றியிருந்தவர்களின் நல்ல மனது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்து, முயற்சி செய்வதே பெரிய விஷயம் என்றார். கோயம்புத்தூரிலிருந்து அம்மா போனில், கிடைத்தால் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்றார். என் கணவர் செந்தில், லீட்ஸ் ஸ்டேஷனில் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "எப்படி ஆனாலும் பரவாயில்லை, மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றார். யாருக்குப் பரவாயில்லை? எனக்குப் பரவாயில்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா? ஓட்டப்பந்தயம் தொடங்கும் முன்பே வரிசையாக வந்து முழங்காலுக்குக் களிம்பு தடவிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு காலை ரயில். மூன்று வாரத்துக்கு முன்பே பதிந்ததால் டிக்கெட் 38 பவுண்டு. அதே டிக்கெட்டை முந்தின நாள் வாங்கினால் என்ன விலை என்று பார்த்தேன். இந்தப் பதிவில் எழுதக்கூடிய வார்த்தைகள் எதுவும் அப்போது என் வாயில் வரவில்லை. லீட்ஸிலிருந்து கிங்ஸ் கிராஸ் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். அங்கே வெளியே வராமல் நேராகக் கீழே இறங்கி, நார்தர்ன் லைனில் மார்டன் போகும் ரயிலைப் பிடித்தால் முப்பத்தைந்து நிமிடத்தில் கோலியர்ஸ் வுட். மாற வேண்டியதில்லை. பெரிய பெட்டி இருந்தால் கிங்ஸ் கிராஸில் அகலமான வாயிலைத் தேடிப் போங்கள். நான் ஒடுங்கிய வாயிலில் பெட்டியைச் சிக்கவைத்து, பின்னால் நின்றவர்களின் பெருமூச்சுகளை எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

கோலியர்ஸ் வுட்டில் நான் தங்கியது வதனி அக்கா வீட்டில். என்னோடு லீட்ஸில் வேலை செய்யும் சிவகரனின் அக்கா அவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்ட்ரெதமில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மகள் பல்கலைக்கழகம் போய்விட்டதால் ஓர் அறை சும்மா இருந்தது. தேர்வு மையத்துக்குப் பக்கத்து ஹோட்டல்கள் கேட்ட விலையில் ஒரு நல்ல நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கிவிடலாம் என்று நான் அலுவலகத்தில் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டு சிவகரன்தான் ஏற்பாடு செய்தான். நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. அதுவரை வதனி அக்காவை நான் பார்த்ததுகூட இல்லை.

நல்ல மனுஷி. பெட்டியை வாங்கி மாடியில் வைத்தார், ஹீட்டரைப் போட்டுவிட்டார், சாயந்திரம் மீன்குழம்பும் பாணும் வைத்தார். நாம் பிரெட் என்பதை அவர்கள் பாண் என்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே, இந்தத் தேர்வில் அப்படி என்னதான் கேட்பார்கள் என்று கேட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்த எனக்கு அது போதும். ஒரு மணி நேரம் விடாமல் சொன்னேன்.

அவரிடம் சொன்னதன் சாரம் உங்களுக்கும் உதவும். தேர்வில் பழுதுகளை டிக்கெட் டிக்கெட்டாகக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு பயனரின் புகார். கூடவே ஒரு நிபந்தனை இருக்கும்: இந்தக் கருவியைத் தொடாதே, அந்த வரியை நீக்காதே என்று. அலுவலகத்தில் ஒரு புகார் வந்தால் பாதி படிக்கும்போதே எனக்குத் தெரியும், எந்த ரவுட்டர் மக்கர் செய்கிறது என்று. ஒன்பது வருடப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் தேர்வில் என் காலை வாரியது. அங்கே எனக்கு எந்த ரவுட்டரோடும் பழக்கம் கிடையாது. ஆனால் புகாரைப் பாதி படித்ததுமே கை தானாக ஓடும். இல்லாத பழுதைச் சரிசெய்து, இருந்த பழுதோடு புதிதாக ஒன்றைச் சேர்த்து வைத்துவிட்டு வருவேன். இணையத்தில் சில குழுக்கள் பழைய கேள்விகளையும் விடைகளையும் மனப்பாடத்துக்கு விற்கின்றன. அவற்றை வாங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு பழுதைத் தேடினால் அந்த விடைக்கேற்ற பழுதுதான் கண்ணில் படும். அந்த வியாபாரிகள்மேல் எனக்குள்ள கோபத்தை எழுத இன்னொரு பதிவு வேண்டும்.

இந்த முறை என் திட்டம் எளியது. முதலில் எல்லா டிக்கெட்டையும் படிப்பது, ஒன்றிலும் கைவைக்காமல். பயனர் சொன்ன பழுதை நானே ஒருமுறை வரவழைத்துக் கண்ணால் பார்ப்பது. பிறகு, பாதையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்து, எந்தப் பாதியில் தகவல் தொலைகிறது என்று ஒதுக்கிக்கொண்டே போவது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பலிக்காவிட்டால் அந்த மாற்றத்தைத் திருப்பி எடுத்துவிட்டுத்தான் அடுத்தது.

வதனி அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஆறுதலா செய்யுங்கோ தங்கச்சி. ஒண்டுக்கும் அந்தரப்படாதேங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேரம் என் திட்டத்தைச் சொல்லியிருக்கிறேன், கடைசியில் இவரும் ஆறுதலா? காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் முகம் தெரிந்து ஒரு நாள்கூட ஆகாத அந்தப் பெண்மேல் கொட்டியது. "அக்கா, தோத்தவங்களுக்குத்தான் ஆறுதல் சொல்லணும். நான் இன்னும் எழுதவே இல்லை. எல்லாரும் இப்பவே துக்கம் விசாரிக்க வந்துடாதீங்க" என்றேன்.

அவர் தட்டோடு அப்படியே நின்றார். "நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் மெதுவாக. பிறகு, களைத்திருப்பீர்கள், படுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் பக்கம் நியாயம் இருப்பதாகவே அப்போதும் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிவகரனிடமிருந்து செய்தி வந்தது. "அக்காவைப் பேசினீங்களாம். உண்மையோ?" என்று கேட்டிருந்தான். அக்காவோடு பேசினீர்களா என்று கேட்கிறான், இலங்கைத் தமிழில் அதை இப்படித்தான் எழுதுவார்கள்போல என்று எடுத்துக்கொண்டேன். "ஆமா, ஒரு மணி நேரம் நல்லா பேசினேன்" என்று பதில் போட்டேன். அவன் படித்துவிட்டான் என்பதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. சரி, தூங்கியிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

திங்கள் காலை நான் இறங்கி வந்தபோது மேசையில் தேநீரும் டோஸ்ட்டும் மூடி வைக்கப்பட்டிருந்தன. வதனி அக்கா குளியலறையில் இருந்தார், அல்லது இருப்பதாகக் காட்டிக்கொண்டார். நான் சொல்லாமலே கிளம்பினேன்.

தேர்வு மையம் கேனரி வார்ஃப் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு அலுவலகக் கட்டடம். கோலியர்ஸ் வுட்டிலிருந்து நார்தர்ன் லைனில் லண்டன் பிரிட்ஜ், அங்கே ஜூபிலி லைனுக்கு மாறினால் கேனரி வார்ஃப். நடையும் சேர்த்து ஐம்பது நிமிடம் வையுங்கள், கட்டணம் ஏறத்தாழ நான்கு பவுண்டு. பலகையில் பேங்க் வழி என்று போட்டிருக்கும் ரயிலில்தான் ஏற வேண்டும். சாரிங் கிராஸ் வழி என்றால் கென்னிங்டனில் இறங்கி மாறுங்கள். காலையில் பாலம் என்ற ஸ்டேஷனுக்குப் பிறகு உட்கார இடம் கிடைக்காது என்றார்கள். எனக்கு ஏறிய இடத்திலேயே கிடைக்கவில்லை. என்னுடைய சிறிய பையை ஒருவர் தன் முதுகுப்பையால் ஸ்டாக்வெல் வரைக்கும் இடித்துக்கொண்டே வந்தார், மன்னிப்பும் கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டில் ஒன்றை நிறுத்தியிருக்கலாம்.

மையத்தில் கைப்பேசி, கடிகாரம், கைக்குட்டைகூட லாக்கருக்குள் போனது. உட்கார்ந்ததும் விசைப்பலகையைப் பார்த்தேன். நான் வருடக்கணக்காகப் பயிற்சி செய்தது ஊரிலிருந்து கொண்டுவந்த அமெரிக்க வகை மடிக்கணினியில். இங்கே பிரிட்டிஷ் விசைப்பலகை. மேற்கோள் குறியும் அட் குறியும் இடம் மாறியிருக்கின்றன. நீளமான விவரத்திலிருந்து வேண்டிய வரியை மட்டும் வடிகட்ட நாம் நிமிடத்துக்கொரு முறை அடிக்கும் செங்குத்துக் கோடு, இடது மூலையில் ஷிப்ட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. முந்தைய இரண்டு தேர்வுகளை வேறு நாட்டில் எழுதியதால் எனக்கு இது புதிது. காலைப் பகுதி முழுக்க அந்தக் கோட்டைத் தேடித் தேடி அடித்தேன். கட்டும் பகுதி எனக்கு எப்போதும் சுலபம் என்ற தைரியத்தில், கடைசி இரண்டு பிரிவுகளைச் சரிபார்க்காமலே மதிய இடைவேளைக்கு எழுந்தேன்.

மதிய உணவு அவர்களே தந்தார்கள். குளிர்ந்த சாண்ட்விச், அதைவிடக் குளிர்ந்த ஆப்பிள். எதிரே உட்கார்ந்திருந்தவர் தமிழ் முகம். பெயர் மயூரன், யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவர், லூயிஷாமில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறாராம். அங்கிருந்து டிஎல்ஆர் ரயிலில் மாறாமல் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றார். லூயிஷாம் பக்கம் சொந்தம் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி, அதனால் சாண்ட்விச்சைத் திட்டிக்கொண்டிருந்தோம். நான் அவசர அவசரமாக விழுங்குவதைப் பார்த்து அவர் சொன்னார்: "ஆறுதலா சாப்பிடுங்கோ. இன்னும் நேரம் கிடக்கு."

நான் அவரை முறைத்தேன். சாண்ட்விச்சுக்கு எதற்கு ஆறுதல்? கேட்டே விட்டேன். அவர் சிரித்தார். ஆறுதலா என்றால் அவசரப்படாமல், நிதானமாக என்று அர்த்தம், வேறென்ன என்றார். என் கையில் இருந்த ஆப்பிள் அப்படியே நின்றது. அடுத்த கேள்வியைக் கேட்கவே பயமாக இருந்தது.

"உங்க ஊர்ல, ஒருத்தரைப் பேசினேன்னா?"

"பேசினது எண்டால் ஏசினது" என்றார் மயூரன். "சும்மா கதைக்கிறதுக்கு நாங்கள் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம்."

ஆக, அக்காவைத் திட்டினீர்களா என்று அவர் தம்பி கேட்டிருக்கிறான். ஆமாம், ஒரு மணி நேரம் நன்றாகத் திட்டினேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைப்பேசி லாக்கரில். சாவி மேற்பார்வையாளரிடம். மாலை வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நாளாக ஊரையெல்லாம் சுற்றிய என் கோபம், திரும்ப வேண்டிய ஆளிடம் அப்போதுதான் திரும்பியது. என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

பிற்பகல் அமர்வுக்கு அந்தக் கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் அது எனக்கு ஒரு உபகாரம் செய்தது. வதனி அக்கா சொன்னதில் அந்தரப்படாதேங்கோ என்ற சொல் அப்போது எனக்குத் தெரியாது, பதறாதீர்கள் என்று அர்த்தமாம். தெரியாததால் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. தெரியும் என்று நினைத்த சொல்லில்தான் விழுந்தேன். தெரியாத சொல் என்றால் கேட்டிருப்பேன். டிக்கெட்டுகளிலும் இரண்டு முறை இதேதானே செய்தேன் என்று பட்டது. எனவே முதல் இருபது நிமிடம் விசைப்பலகையைத் தொடவில்லை. எல்லா டிக்கெட்டையும் படித்து, எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களாகப் பார்த்து அவர்கள் தந்த தாளில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் மழைபோல் தட்டிக்கொண்டிருந்தார். தட்டட்டும் என்று விட்டேன்.

கேள்வியை அப்படியே எழுத மாட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். வடிவத்தை மாற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். கிளை அலுவலகத்தவர்களால் கோப்பு சர்வரைப் பயன்படுத்த முடியவில்லை, தலைமையகக் கருவிகளைத் தொடாமல் சரிசெய்யவும் என்று ஒரு புகார். பழைய நான், பயன்படுத்த முடியவில்லை என்பதை சர்வரை எட்டவே முடியவில்லை என்று படித்திருப்பேன். கிளையிலிருந்து பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பினால் பதில் ஒழுங்காக வருகிறது. அங்கேதான் பழைய நான் குழம்பிப்போய், சம்பந்தமில்லாத வழித்தட அமைப்புகளைக் குடையத் தொடங்கியிருப்பேன். இந்த முறை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. பயன்படுத்துவது என்றால் என்ன? கோப்பைத் திறப்பது. சரி, பயனர் செய்வதை நானும் செய்து பார்க்கிறேன். உள்ளே நுழையும் பக்கம் வருகிறது. பெரிய கோப்பைத் திறந்தால் அப்படியே நிற்கிறது.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை. பிங்கையே அளவு கூட்டி, பிரித்து அனுப்பாதே என்ற குறிப்போடு அனுப்பினேன். ஓர் அளவுக்கு மேல் பதில் இல்லை. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் இருந்த டனல் என்ற மூடிய பாதை, போகும் ஒவ்வொரு தகவலுக்கும் தன் பங்குக்கு ஓர் உறை போடுகிறது. உறையோடு சேர்ந்ததும் பெரிய தகவல் வாயிலில் சிக்கிக்கொள்கிறது. கிளைப் பக்கத்தில் மட்டும் தகவல் துண்டுகளின் அளவைக் குறைத்தேன், ஒரே ஒரு வரி. பிறகு சின்னதையும் பெரியதையும் அனுப்பிப் பார்த்து, கோப்பையும் திறந்து பார்த்து, சேமித்துவிட்டு நகர்ந்தேன். எனக்கு ஏழு நிமிடம்தான் ஆனது. முன்பு இதே வகைப் பழுதுக்கு அரைமணி நேரத்தைத் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். கெடு முடிந்தால் செய்த மாற்றத்தைத் திருப்பி எடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். அப்படி விட்டது ஒன்று, பின்னால் வேறொரு டிக்கெட்டைச் சரிசெய்ததும் பாதி தானாகச் சரியாகியிருந்தது. இரண்டும் ஒரே ஸ்விட்ச்சின் பின்னால் இருந்தன. ஆகவே புகார்களைப் படிக்கும்போதே யார் யாருக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று ஒரு சின்னப் படம் போட்டுக்கொள்ளுங்கள், அடியில் இருப்பதை முதலில் எடுங்கள். கடைசி இருபது நிமிடத்தைப் புதிய டிக்கெட்டுக்குக் கொடுக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். முதலாவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சோதியுங்கள். நான் ஏழாவதில் மாற்றிய ஒரு வடிகட்டி, இரண்டாவதை மூடிவிட்டிருந்தது. மனதுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அதைச் சரிசெய்தேன்.

லாக்கரைத் திறந்ததும் சிவகரனின் செய்தி காத்திருந்தது. அக்கா பாவம், அவ உங்களுக்கு என்ன செய்தவ என்று கேட்டிருந்தான். கேனரி வார்ஃப் நடைபாதையில் நின்று, குளிர்காற்றில் கத்திக் கத்தி அவனுக்கு விளக்கினேன். அவன் சிரிசிரியென்று சிரித்துவிட்டு, இதை அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார் என்று வைத்துவிட்டான்.

வதனி அக்கா சிரிக்கவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கன்னம் சிவந்திருந்தது. "தெரியாட்டிக் கேக்கலாமே" என்றார். "நேற்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. என்ரை வீட்டிலை வைச்சு ஆர் என்னை இப்பிடிப் பேசினது?" கேட்டிருக்கலாம்தான் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்பை மூட்டி, எனக்கும் சேர்த்து அரிசி போட்டார். கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை என்பது, கரண்டியை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. அது நியாயமான கோபம்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு இன்னும் சில. பிரிட்டிஷ் விசைப்பலகை ஒன்றை வாங்கி ஒரு மாதமாவது அதில் பயிற்சி செய்யுங்கள், பதினைந்து பவுண்டுக்குள் கிடைக்கும். மையத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டுமோ, அதே நேரத்தில் முந்தின நாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை திங்கட்கிழமைக் கூட்டத்தைக் காட்டாது. சாப்பாடு எப்படியிருக்கும் என்று எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். ஒரு கம்பளிச் சட்டை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், அந்த அறையில் ஏசியை யாரோ பகைமையோடு வைத்திருந்தார்கள். உங்களுக்குப் பலமான பகுதி எதுவோ, சரிபார்க்க வேண்டிய நேரத்தை அதற்குத்தான் அதிகம் ஒதுக்குங்கள். உங்களை அனுப்பி வைக்கிறவர்கள் எப்படி ஆனாலும் பரவாயில்லை என்று சொன்னால், சண்டை போட வேண்டாம், எனக்கு அப்படி இல்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்லாமல் விட்டதால்தான் அது வதனி அக்காமேல் போய் விழுந்தது.

செவ்வாய் காலை, பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. பழுது பார்க்கும் பகுதி: தேர்ச்சி. கட்டும் பகுதி: தேர்ச்சி இல்லை. மொத்தத்தில்: தேர்ச்சி இல்லை. காரணம் என்று ஒரு வரிகூடக் கிடையாது, எப்போதும் கிடையாது. எட்டு மணி நேரம் நம்மிடம் காரணம் கேட்கிறவர்கள், நமக்கு ஒரு காரணம் சொல்ல மாட்டார்கள். சுவரில் எதையாவது எறிய வேண்டும்போல இருந்தது. அது இன்னொருவர் வீட்டுச் சுவர். செந்திலுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு அனுப்பினேன். இருவரிடமிருந்தும் நான் நினைத்த அதே பரவாயில்லை, அன்பான எமோஜி முகங்களோடு திரும்பி வந்தது.

கீழே வதனி அக்கா கோட் போட்டு, ஸ்ட்ரெதமுக்கு 57 பஸ் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கைப்பேசியை அப்படியே நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருந்துச்சீட்டைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார்.

"எதிலை பிழைச்சது?" என்று கேட்டார்.

பழுது பார்க்கும் பகுதி மட்டும் பிழைத்தது அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் பிழைத்தது என்றால் உயிர் தப்பியது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"பிழைச்சதுன்னா, தப்பிச்சதா, தப்பாப் போனதா?"

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல்முறையாக அவர் முகம் இளகியது. "பிழையாப் போனது. எந்த இடத்திலை பிழையாப் போனது எண்டு கேக்கிறன்."

இந்த மூன்று முறையில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எனக்குத் தெரியவில்லை அக்கா, கட்டும் பகுதியில் எங்கேயோ, எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் என்று சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முதல்லை இருந்து சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன், கோபமாகவே. அவருடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.